சொத்தை டிசைனுக்கு விழுந்த பூ

நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த வெப் டிசைன் ஆபீஸ் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கீழே டைல்ஸ் அறுத்தால் மேலே எங்கள் மேசைகள் அதிரும். ஒரு லோகோவின் வளைவை ஒழுங்காக இழுக்க வேண்டுமானால் கீழே யாருடைய குளியலறையோ அறுபட்டு முடிகிற வரை மவுஸைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும்.

நாலு வருஷம் அங்கே இருந்தேன். முதல் வருஷம் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கல்யாணப் பத்திரிகைகள். பூ உதிர வேண்டும், பிள்ளையார் மின்ன வேண்டும், மாப்பிள்ளையின் முகத்தைச் சிவப்பாக்க வேண்டும். இரண்டாம் வருஷம் பள்ளிக்கூட வெப்சைட்டுகள். சிரிக்கிற பிள்ளைகள் படம் ஒன்றை ஆபீஸில் விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். எந்த நாட்டுப் பிள்ளைகளோ தெரியாது. சேலத்தைச் சுற்றிப் பதினோரு பள்ளிக்கூடங்களில் ஒரே சமயத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வருஷம் ஜவுளிக்கடைகள். நாலாம் வருஷம் என்னைச் சீனியர் ஆக்கினார்கள். அதாவது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளர்களின் போன் அதற்குப் பிறகு எனக்கு வந்தது.

எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான்தான். அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறவர். நான் பார்க்கும் வேலையை இரண்டு பேருக்கும் விளக்கிச் சொல்ல நாலு வருஷமாக முயற்சி செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் அப்பா, "என்ற பையன் கம்ப்யூட்டர்ல போர்டு எழுதறானுங்க" என்பார்.

"போர்டு இல்லீங்கப்பா, வெப்சைட்டு."

"கடை பேரு எழுதறயா?"

"எழுதறேனுங்க."

"போன் நம்பரு?"

"அதுவும் எழுதறேனுங்க."

"அப்பறமென்ன, போர்டுதான்."

ஆபீஸில் நான் கற்ற வித்தைகளில் முக்கியமானது சொத்தை. வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு டிசைனைக் காட்டினால் அவர் அதில் குற்றம் தேட ஆரம்பித்துவிடுவார். இரண்டு காட்டினால் இரண்டில் ஒன்றைத் தேடுவார். ஆகவே நாம் கொடுக்க நினைப்பது ஒன்று, அதற்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கெடுத்து வைப்பது ஒன்று. இந்த இரண்டாவதற்குத்தான் ஆபீஸில் சொத்தை என்று பேர். "மீட்டிங் எத்தனை மணிக்கு? சொத்தை ரெடியா?" என்று வெகு சாதாரணமாகக் கேட்பார்கள். ஆனால் அதைச் செய்வது சாதாரணமல்ல. ரொம்பவும் கெடுத்தால் வேண்டுமென்றே செய்தது தெரிந்துவிடும். கொஞ்சமாகக் கெடுத்தால் அதையே எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அளவோடு கெடுக்க வேண்டும். அதில் எனக்குக் கை வந்திருந்தது. நான் செய்த சொத்தையை ஒருவர்கூட எடுத்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது பள்ளிக்கூடத்திலும் அதே பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்ன அன்றைக்கு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நாமக்கல் பஸ் ஏறினேன். இனித் தனியாகவே தொழில் செய்வது என்று முடிவு.

அப்பா கத்தவில்லை. பட்டறையை விட்டுப் போய்த் தனியாக வெல்டிங் செட்டு வாங்கின ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அடுத்த ஆடிக்குள் பாதிப் பேர் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறார். அப்போது ஐப்பசி.

"தை பொறக்கட்டும்" என்றார். "அதுக்குள்ள ஒரே ஒரு வேலை. முழுசா முடிக்கோணும். வேலை குடுத்தவங்க என்ற முன்னால வந்து நின்னு 'நல்லாருக்குது'ன்னு அவங்க வாயால சொல்லோணும். சொன்னாங்கன்னா உன்ற இஷ்டம். இல்லைன்னா பொங்கல் தின்னுட்டு மறுநா சேலம் பஸ் ஏறிரோணும். என்ன?"

"சரிங்கப்பா."

கார்த்திகை பாதி வரை ஒருவரும் வரவில்லை. மாமன் முறையான ஒருவர் மட்டும் வந்து, தன் போனில் சார்ஜ் நிற்பதில்லை, படித்த பையன்தானே, பார்த்துக் கொடு என்றார். பார்த்தேன். நின்றது. ஆனால் அதை அப்பா கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் வேலை அப்பாவின் பட்டறை வழியாகத்தான் வந்தது. எருமப்பட்டிப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இரண்டு வைத்திருக்கும் ஒருவர், ரிக்கோடு கூடப் போகும் லாரிக்கு ஏதோ பற்றவைக்க வந்திருக்கிறார். வண்டிகள் வருஷத்தில் பாதி நாள் வடநாட்டில் ஓடுகின்றன. அங்கே போன் செய்கிறவர்கள் எல்லாம் வெப்சைட்டை அனுப்பச் சொல்கிறார்கள், அதற்கு எங்கே போவதென்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்பா பற்றவைப்பதை நிறுத்திவிட்டு, "என்ற பையன் கம்ப்யூட்டர்ல போர்டு எழுதுவானுங்க" என்றிருக்கிறார்.

பழக்கதோஷத்தில் இரண்டு டிசைன் செய்தேன். நல்லது, வெள்ளை. நிறைய வெற்றிடம், மெல்லிய எழுத்து, நடுவில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். சொத்தை, சிவப்பு. அதன்மேல் மஞ்சள் எழுத்து, திரையை அடைத்துக்கொண்டு ரிக் படம், நாலு இடத்தில் போன் நம்பர், அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எருமப்பட்டிக்குப் போய் அவர் வீட்டுக் கட்டிலின்மேல் வைத்துக் காட்டினேன்.

ரிக்காரர் இரண்டையும் பார்த்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "இந்த வெள்ளை இன்னும் வேலை முடியலீங்களா தம்பி?" என்றார்.

"முடிஞ்சுதுங்க்கா. அதேதானுங்க."

"ஓ" என்றார்.

"ரெண்டையும் பேப்பர்ல போட்டு எடுத்துட்டு வெள்ளிக்கெழம வாங்க தம்பி" என்றார் ரிக்காரர். "வேலூர்ல எங்க கொலதெய்வம். ஒரு பூ கேட்டுட்டு ஆரம்பிச்சுருவோம்."

"இதுக்குமுங்களா?"

"எதுக்குமே கேக்காம செய்யறதில்லீங்க. மொத வண்டிக்குக் கேட்டுத்தான் எடுத்தோம்."

"ரெண்டாவது வண்டிக்குக் கேக்காம எடுத்தாரு" என்றார் அந்த அக்கா. "அது நாலு மாசமா ஷெட்டுல படுத்துக் கெடந்துச்சு."

பூ கேட்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமியின் தலைமேல் பூசாரி ஒரு பூவை வைப்பார். அது தானாக விழுகிற வரை காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். இரண்டில் ஒன்றைக் கேட்பதானால் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் வைத்துவிடுவார்கள். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் செய்த சொத்தையை இதுவரை மனிதர்களே எடுத்ததில்லை, சாமிக்குத் தெரியாமலா போய்விடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, பரமத்தி வேலூரில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கோயிலில் கரண்ட் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே பூசாரி இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டார். வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் சிவப்பு. பறக்காமலிருக்கத் தாளுக்கொரு எலுமிச்சம்பழம் மேலே வைத்தார். சாமிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெள்ளை அரளியைத் தலையில் ஒட்டவைத்தார். எல்லோரும் கும்பிட்டு நின்றோம்.

பூ அசையவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எங்களுக்குப் பின்னால் வேறு இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

"என்னங்க கேக்கறாங்க, கல்யாணமா?" என்று ஓர் அம்மா மெதுவாகக் கேட்டது.

"இல்லீங்க. ரிக்கு வண்டிக்குக் கம்ப்யூட்டர்ல விளம்பரமாமா. வெள்ளையா செவப்பான்னு கேக்கறாங்க."

"செவப்புதானுங்க எடுப்பா இருக்குது" என்றது அந்த அம்மா, சாமிக்கும் கேட்கிற மாதிரி.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். திடீரென்று கரண்ட் வந்தது. மூலையில் நின்ற ஃபேன் ஒரு முறை செருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வகை ஃபேன். முதலில் எங்களைப் பார்த்தது. பிறகு பூசாரியைப் பார்த்தது. பிறகு சாமியைப் பார்த்தது. பூ ஆடியது. ஆடி, இடப்பக்கம் வழுக்கி, சிவப்புத் தாளின் நடுவில், போன் நம்பர்மேல் போய் உட்கார்ந்தது.

கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் மட்டும் படித்தவனாக இருந்தேன்.

"ஏனுங்க, அது ஃபேன் காத்துல உளுந்ததுங்க. அது சேராதுங்க."

பூசாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சரீங்க. ஃபேனை ஓட்டுனது யாரு?"

"கரண்டுங்க."

"கரண்டை உட்டது யாரு?"

"கரண்ட் ஆபீஸ்காரங்க."

"காத்தாலருந்து உடாதவன் பூ வெச்ச நேரத்துக்கு உடோணும்னு அவன் மனசுல பூந்து சொன்னது யாருங்க?"

கல்லூரியில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. "இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்று ரிக்காரரிடம் கேட்டேன்.

"ஒருக்கா கேட்டா கேட்டதுதானுங்க தம்பி. நமக்குப் புடிச்ச பதில் வார வரைக்கும் கேட்டுட்டே இருக்கறதுக்குச் சாமியென்ன கஸ்டமர் கேரா?"

திரும்பி வரும்போது காரில் முன்சீட்டில் நான். அவர் ஓட்டினார். பின்சீட்டில் அக்கா தேங்காய் மூடிகளை மடியில் வைத்துக்கொண்டு, பூ விழுந்த விதத்தை ஊரில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை என் கையில். தை பிறப்பதற்குள் சிவப்பை முடித்துக் கொடுத்துவிடலாம். அப்பாவின் நிபந்தனையும் தீர்ந்துவிடும். ஆனால் அது கெடுத்துச் செய்தது என்பது எனக்குத் தெரியும். கெட்டதென்று தெரிந்தே அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய், எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டும் விட்டேன். எனக்குச் சாமி பயம் கொஞ்சம் உண்டு. அக்கா ஐந்தாவது ஆளுக்குப் போன் போட்டபோது தாங்கவில்லை.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

சொல்லி முடித்தேன். அவர் காரை ஓரம் கட்டி நிறுத்தினார். பக்கத்தில் கரும்பு லாரிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் முகம் அந்தச் சிவப்பு டிசைன் மாதிரியே ஆகியிருந்தது.

"என்னைய ஏமாத்தியிருந்தீங்கன்னா உடுங்க தம்பி. தொழில்னா நாலும் இருக்கும். நானே தண்ணி வராதுன்னு தெரிஞ்ச எடத்துல, இன்னொரு அம்பதடி போட்டுப் பாப்போம்னு..."

"அதையெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றார் அக்கா பின்னாலிருந்து.

"அதில்ல புள்ள, நாங் கேக்கறது... அழுகுன தேங்காய்னு தெரிஞ்சே யாராச்சும் சாமி முன்னால வெப்பாங்களா?"

வேலை போயிற்று என்று தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் சேலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைக்குமா என்ற அளவுக்கு மனசு போய்விட்டது.

"அதுல அப்படி என்ன கெடுத்து வெச்சீங்க? சொல்லுங்க, கேப்போம்" என்றார் அக்கா.

"செவப்பு சாஸ்திங்க்கா."

"வண்டியே செவப்புதானுங்களே."

"எழுத்து ரொம்பப் பெருசுங்க."

"இவருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியறதில்லை. இருக்கட்டும்."

"நம்பர் நாலு எடத்துல இருக்குதுங்க."

"பின்ன, நம்பரைத் தேடோணுமுங்களா? அப்பறம்?"

"ஓடற எழுத்துங்க. அப்பறம்... அந்தப் படம் போன்ல தொறக்கறதுக்கு ரொம்ப நேரமாகுமுங்க. எழுத்து ஓரத்துல வெட்டிக்குமுங்க. நம்பரை அமுத்துனா கால் போகாதுங்க."

"போகாதுங்களா?"

"போகாதுங்க்கா. நான் வெக்கவே இல்லீங்க."

அதுவரை என் பக்கம் இருந்தவர் அந்த ஒரு சொல்லில் மாறிவிட்டார். "அது தப்புங்க தம்பி" என்றார். அவர் கணவர் கேட்டதைவிட அதுதான் சுட்டது. பிறகு அவரே, "பூ உளுந்தது உளுந்ததுதான். நெறத்தை மாத்தாதீங்க. எழுத்து பெருசாவே இருக்கட்டும். நீங்க கெடுத்ததை நீங்களே சீர் பண்ணிக் குடுங்க. என்னங்க நாஞ் சொல்றது?" என்றார்.

ரிக்காரர் காரைக் கிளப்பினார். "ஒரு தேங்கா ஒடச்சுட்டு ஆரம்பிங்க" என்றார்.

நல்லதை நல்லதாகச் செய்வது ஒரு வேலையே இல்லை. சொத்தையை, அது சொத்தையென்று வாடிக்கையாளருக்கே தெரிந்த பிறகு, நிறமும் மாறாமல் உருவமும் மாறாமல் நல்லதாக்குவதுதான் வேலை. கண்ணை உறுத்தாத ஒரு சிவப்பைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. அது வேறெங்கும் இல்லை, வண்டியில் வெயில் பட்டு வெளுத்த இடத்தில்தான் இருந்தது. வண்டியோ வடநாட்டில். அங்கே இருந்த ரிக் ஆபரேட்டரைக் காலை வெயிலில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முப்பது படம் வந்தது. முப்பதிலும் வண்டிக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் நின்றார்.

"நீங்க இல்லாம ஒண்ணு எடுங்கண்ணா."

"நான் இல்லாம வண்டி எப்படித் தம்பி ஓடும்?"

அதிலும் நியாயம் இருந்தது. அவரையும் வைத்தே முடித்தேன். ஆனால் படம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும்படி செய்தேன். நாலு நம்பரும் நாலு இடத்தில், எதை அழுத்தினாலும் கால் போகும்படி வைத்தேன். ஓடும் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அதை ரிக்காரர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த ஓடற எழுத்து எங்கீங்க தம்பி? பூ உளுந்ததுல அது இருந்துச்சே?"

"பூ உளுந்தது பேப்பர்லீங்கண்ணா. பேப்பர்ல அது ஓடலீங்களே."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அதுஞ் செரிதான். ஓடறதைச் சாமி பாக்கலை. எடுத்துருங்க."

மார்கழி கடைசி வாரம் அவரே பட்டறைக்கு வந்தார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினார். பக்கத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவரும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். அப்பா முதல் நம்பரை அழுத்தினார். ரிக்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டாவதை அழுத்தினார். அடித்தது. நாலையும் அழுத்திப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இது நான் எழுதறாப்லயே இருக்குதுங்க. பாத்துக் காப்பியடிச்சுட்டான்" என்றார் பெயிண்டர்.

"நல்லாருக்குதுங்க" என்றார் ரிக்காரர், அப்பாவின் முகத்துக்கு நேராக. எனக்கு மூச்சு வந்தது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் பூ, ஃபேன், சொத்தை எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். அம்பதடியை மட்டும் விட்டுவிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கெடுக்கோணும்னே செஞ்சியா?"

"ஆமாங்கப்பா."

"அதுக்குத்தான் சேலத்துல சம்பளம் குடுத்தாங்களா?"

"ஆமாங்கப்பா."

"வெல்டிங்குல நாங்க அப்படிக் கெடுத்துப் பத்தவெச்சமுன்னா வண்டி நடுக்காட்டுல மல்லாந்துரும். உங்களுக்கென்ன, மவராசனுங்க" என்றார். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "பேச்சுன்னா பேச்சு. அவரு நல்லாருக்குதுன்னுட்டாரு. இங்கியே இரு. இன்னொருக்கா கெடுத்து வெச்சேன்னு காதுல உளுந்துச்சு, நானே கொண்டுபோயி பஸ் ஏத்தி உட்டுருவேன்."

பொங்கல் முடிந்த வாரம் இரண்டாவது வேலை வந்தது. ரிக்காரரின் சொந்தக்காரர், வேலூரில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவர். போனில் நான் உஷாராக, "இனிமே ஒரே டிசைன்தானுங்க காட்டறது" என்றேன்.

"ஒண்ணைய வெச்சுகிட்டுச் சாமிகிட்ட என்னத்தைங்க தம்பி கேக்கறது?" என்றார். "ரெண்டாக் கொண்டாங்க."

வேறு வழியில்லை. இரண்டு செய்தேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். எதன்மேல் பூ விழுந்தாலும் மறுநாளே கொடுக்கிற மாதிரி, இரண்டிலும் நம்பரை அழுத்தினால் கால் போகிற மாதிரி. ஒரு வேலைக்கு இரண்டு வேலை நேரம் ஆனது. பண்ணையிலிருந்து வந்த அம்மா, கையைக் கழுவிக்கொண்டு பின்னால் வந்து நின்று இரண்டையும் பார்த்தார்.

"இதுல எது கண்ணு நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதானுங்கம்மா."

அம்மா இன்னொரு முறை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப இந்தத் தடவை சாமி பாடுதான் செரமம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.